உப்புக் கிணற்றை இனிக்க வைத்தவர்

எல்லாரும் வந்தாயிற்றா? வீடு வாங்கப் போகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். வாங்கிவிட்டு விழிக்கிறவர்கள் அதற்கும் முன்னால் வாருங்கள். கதை உங்களுக்குத்தான்.

ஆற்றுக்கு ஒரு ராஜா என்று ஆண்டுகொண்டிருந்த பழைய காலம் அது. கடலோரத்தில் முத்தலைத்துறை என்றொரு ஊர். அந்த ஊரில் சீராளர் என்றொரு உப்பு வணிகர் இருந்தார். முப்பது வருஷம் உப்பை அளந்து, உப்பைக் கிள்ளி நாக்கில் வைத்துத் தரம் பார்த்து, உப்பாலேயே பணக்காரர் ஆனவர்.

பணம் வந்ததும் அவருக்கு ஊர் பிடிக்காமல் போயிற்று. இது ஒன்றும் புது வியாதி அல்ல.

"இந்த ஊரில் காற்று கரிக்கிறது" என்றார். "தெருவெல்லாம் மீன் நாறுகிறது" என்றார். "எதிரே வருகிற ஒவ்வொருத்தனும் எங்கே போறீங்க, என்ன குழம்பு என்று கேட்கிறான்" என்றார். இந்த மூன்று குறைகளையும் ஐம்பது வயது வரைக்கும் அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு தை மாதம் உப்பு விற்க இளமருதூர் போனார். உள்நாட்டு ஊர். அறுவடை நேரம். எங்கே பார்த்தாலும் பச்சையும் மஞ்சளும். குளிர்ந்த காற்று. யாரோ ஒருவர் வீட்டில் கரும்பும் பொங்கலும் கொடுத்து உபசரித்தார்கள். அவ்வளவுதான். ஒரே நாள் பார்த்த ஊரில் ஆயுசு முழுக்க வாழ்வது என்று முடிவு செய்துவிட்டார்.

அவசரப்பட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றையும் விசாரித்துத்தான் அங்கே ஒரு வீடு வாங்கினார். வாசல் எந்தத் திசை என்று பார்க்க ஒருவரை அழைத்துப் போனார். பல்லி எந்தப் பக்கம் சொல்லுகிறது என்று கேட்க ஒருவரை அழைத்துப் போனார். நாள் நட்சத்திரம் குறிக்க ஒருவரை அழைத்துப் போனார். தன் மனைவி உமையாளை மட்டும் அழைத்துப் போகவில்லை. அவளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? அவள் அதற்குள் இருபத்தெட்டு வருஷம் சமைத்துக்கொண்டு இருந்தவள், அவ்வளவுதானே!

இளமருதூரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கைமாறும் நாளில், விற்பவர் அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, மூன்று சாட்சிகள் முன்னால் வாங்குபவரின் உள்ளங்கையில் வார்க்க வேண்டும். வாங்குபவர் குடிக்க வேண்டும். சாட்சிகளும் ஆளுக்கொரு மடக்குக் குடிப்பார்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம், பேரம் முறிந்தது. குடித்துவிட்டுத் தலையாட்டினால் வீடு அவருடையது. அப்புறம் பேச்சே கிடையாது.

கிழக்குத் தெருவில் இருந்த அந்த வீட்டுக்காரர் நேர்மையானவர். தன் கிணற்றுத் தண்ணீரையே இறைத்து வார்த்தார். அந்தத் தெரு முழுக்க உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். மாடு கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாங்குபவர் எப்போது துப்பப் போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சீராளர் குடித்தார். முப்பது வருஷம் உப்பிலேயே ஊறிய நாக்கு. "அமிர்தம்!" என்றார்.

சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாட்சிகளில் ஒருவர் பக்கத்து வீட்டு மாசிலாமணி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, எதுக்கும் இன்னொரு கை குடிச்சுப் பாருங்க" என்றார்.

சீராளர் இன்னொரு கை குடித்தார். மூன்றாவது கையும் வாங்கிக் குடித்தார். "எங்கள் ஊரில் இப்படித் தண்ணீர் ஏது?" என்றார். வீடு அவருடையதாயிற்று. விற்றவர் அன்றைக்கே ஊரை விட்டுக் கிளம்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போனாரோ தெரியாது.

முத்தலைத்துறைக்குத் திரும்பிய சீராளர் பழைய வீட்டை மைத்துனனுக்குக் கொடுத்தார். ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். "இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன்" என்று இலை போட்டவர்களிடம், சாப்பிட்டவர்களிடம், கை கழுவியவர்களிடம் என்று மூன்று தடவை சொன்னார். வண்டி கிளம்பியது.

இளமருதூருக்கு வந்த முதல் நாள் உமையாள் உலையில் பருப்புப் போட்டாள். பொழுது உச்சிக்கு வந்தது, பருப்பு வேகவில்லை. பொழுது சாய்ந்தது, பருப்பு வேகவில்லை. விறகு தீர்ந்தது, பருப்பு மட்டும் போட்டபடியே இருந்தது. அவள் ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, முற்றத்தில் துப்பினாள்.

"என்னங்க, இதுதான் உங்க அமிர்தமா?"

சீராளர் பருப்பை மென்றுகொண்டிருந்தார். மெல்ல நேரம் பிடித்தது.

சித்திரை வந்தது. பச்சையெல்லாம் போய்விட்டது. ஒரு இலை அசையவில்லை. பிற்பகலில் கடற்காற்று வந்து முகத்தில் அடிக்காதா என்று அவர் வாசலில் போய் நிற்பார். வராது. உமையாளுக்குத் தலைமுடி சடை பிடித்தது. வேட்டிகள் எல்லாம் பழுப்பேறின. எல்லாவற்றையும் விட மோசம், அந்தத் தெருவில் ஒருத்தர் கூட அவரை எங்கே போறீங்க என்று கேட்கவில்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள ஒரு ஜீவன் ஆசைப்படவில்லை. கேட்டிருந்தாலும் வேகாத பருப்பு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் கேட்டிருக்கலாம். அவருக்கு அழுகை வந்தது. வந்த இடத்தில் யார் முன்னால் அழுவது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டார்.

உமையாள்தான் உடைத்துச் சொன்னாள். "ஆடி பிறந்துட்டா யாரும் வீடு வாங்க மாட்டாங்க, குடி போகவும் மாட்டாங்க. அதுக்குள்ள இதை வித்து முடிங்க, நாம ஊருக்குப் போயிடலாம். இல்லேன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க அமிர்தத்தோட இருந்துக்குங்க."

அவள் சும்மா சொல்கிறவள் அல்ல. சீராளருக்கு அது தெரியும். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரிடம் பேச ஒரு குரல் கூட மிஞ்சாது என்பதும் தெரியும். வெறும் கையோடு அவள் கூடவே போய்விடலாமா என்றால், விருந்தில் மூன்று தடவை சொன்னது தொண்டையில் நின்றது. வீட்டை விற்றால்தானே, நல்ல விலை வந்தது, விட மனமில்லை என்று சொல்லிக்கொண்டு தலை நிமிர்ந்து திரும்ப முடியும்!

பக்கத்து வீட்டு மாசிலாமணியும் நான்கு வருஷமாகத் தன் வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வந்து கேட்டாலும், "வீடு நல்ல வீடு. ஆனா கிணத்துத் தண்ணி கரிக்கும், பருப்பு வேகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கேட்டவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள்.

"இப்படிச் சொன்னால் எந்தக் காலத்தில் விற்பீர்?" என்று சீராளர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "வியாபாரம் என்றால் என்ன என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்."

மாசிலாமணி கற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

முதலில் ஒரு நெல் வியாபாரி வந்தார். "தண்ணீர் தேன்" என்றார் சீராளர். வழக்கப்படி வார்த்தார். நெல் வியாபாரி துப்பிய துப்பல் எதிர்ச் சுவர் வரை போயிற்று.

அடுத்து ஒரு மடைப்பள்ளிச் சமையல்காரர் வந்தார். இந்த முறை சீராளர் முன்னதாகவே மூன்று கூடை கருப்பட்டியைக் கிணற்றில் கொட்டி வைத்தார். சமையல்காரர் வாயில் விட்டு, கண்ணை மூடி, யோசித்து, "பாகு பதம் தப்பிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கிணற்றைச் சுற்றி எறும்புகள் மட்டும் மிகவும் திருப்தியாக இருந்தன.

மூன்றாவதாக, ஆனி மாதம் முடிய மூன்றே நாள் இருக்கும்போது, ஒரு வண்டி வந்தது. செங்கமலம் என்ற சாயக்காரி. துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் குடும்பம். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முற்றம் துணி காயப்போடத் தோதாக இருந்தது. முகம் மலர்ந்தது.

"ஐயா, இந்தத் தெருத் தண்ணியில பருப்பே வேகாதுன்னு ஒரு வண்டிக்காரர் சொன்னாரே, மெய்தானா?" என்று கேட்டாள்.

சீராளர் கொதித்துப் போனார். "எந்தப் பாவி சொன்னான் அம்மா அப்படி? இங்கே பருப்பு உலையில் விழும்போதே வெந்துவிடும். நாளைக் காலையில் நீயே குடித்துப் பாரேன்!"

செங்கமலத்தின் முகம் வாடியது. "அப்படிங்களா" என்றாள். "எதுக்கும் நாளைக்குக் குடிச்சே பாத்துடறேன்." அவள் முகம் ஏன் வாடியது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சீராளருக்கு அன்றைக்கு வேலை நிறைய இருந்தது.

என்ன வேலை என்கிறீர்களா? ஆள் வைத்துக் கிணற்றை ஒட்ட இறைத்தார். அடியில் இருந்த ஊற்றுக்கண்ணைத் தேடிப் பிடித்து, களிமண்ணைத் திணித்து அடைத்தார். ஆற்றிலிருந்து வண்டி வண்டியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து உள்ளே கொட்டினார். கொட்டிய தண்ணீர் இனிக்கிறதா என்று அவர் நாக்குக்குத் தெரியவில்லை. உமையாளைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார்.

"இனிக்குது" என்றாள் அவள். "இவ்வளவு பாடுபடுறதுக்கு, அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு விலையைக் குறைச்சுக் குடுத்திருக்கலாம்."

"வியாபாரத்தில் தலையிடாதே" என்றார் சீராளர்.

மறுநாள் காலை. மூன்று சாட்சிகள் வந்தார்கள். மாசிலாமணியும் வந்தார். சீராளர் இறைத்தார், வார்த்தார். செங்கமலம் குடித்தாள். சாட்சிகள் குடித்தார்கள். மாசிலாமணியின் புருவம் நெற்றிக்கு மேலே போயிற்று.

"நல்ல தண்ணி" என்றாள் செங்கமலம். குரலில் உயிரே இல்லை. "எனக்கு இந்த வீடு வேண்டாங்க, ஐயா."

சீராளர் திகைத்தார். "ஏன் அம்மா? தேன் மாதிரி இருக்கிறதே!"

"அதனாலதான். சாயவேர்ச் சிவப்பு நல்ல தண்ணியில பிடிக்காதுங்க, நாலு துவைப்புல போயிடும். சுண்ணாம்பு ஏறின உப்புத் தண்ணிதான் வேணும். அதைத் தேடித்தான் மூணு ஊர் சுத்தி வர்றோம். இந்தத் தெருவுல கிடைக்கும்னு நம்பி வந்தேன். வேணும்னு முன்னாடியே சொன்னா விலையை ஏத்திடுவீங்கன்னு சொல்லலை."

சீராளர் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

"உப்புதான்!" என்று கத்தினார். "சத்தியமாக உப்புதான் அம்மா! பருப்பு வேகவே வேகாது! என் வேட்டியைப் பார், என் மனைவியின் தலையைப் பார்!"

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இனிப்பு வேணும்னு நினைச்சா இனிப்புங்கறீங்க, உப்பு வேணும்னா உப்புங்கறீங்க. நான் குடிச்சது என்ன, பொய்யா?"

"ஊற்றை அடைத்துவிட்டேன்! ஆற்றுத் தண்ணீரை ஊற்றினேன்! பத்து நாள் பொறு, தோண்டி எடுத்துவிடுகிறேன்!"

"ஊத்தை அடைச்ச கிணத்தை யாருங்க வாங்குவா? நாளை மறுநாள் ஆடி. ஊற வச்ச துணி வண்டியில கிடக்குது."

சீராளர் மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீராவது சொல்லுமே! என் கிணறு உப்பா இல்லையா?"

மாசிலாமணி பொய் சொல்லிப் பழகாதவர். "நேத்து வரைக்கும் கரிச்சுதும்மா" என்றார். "இன்னைக்கு என்னவோ இனிக்குது. இனிமே எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்டுக் கிணத்துல ஒரு வேலையும் நடக்கலை. அது எப்பவும் போல வாய்ல வைக்க விளங்காது."

செங்கமலம் அடுத்த வாசலுக்குப் போனாள். மாசிலாமணி இறைத்து வார்த்தார். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகத்தோடேயே சிரித்தாள். நான்கு வருஷமாக விற்காத வீடு ஒரு மடக்கில் விற்றது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அந்தத் தெருவிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. ஒன்று மாசிலாமணியுடையது. இன்னொன்றில் உமையாள் இருந்தாள். "வீடு வித்ததும் வாங்க" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிற வரை அவர் வாசலிலேயே நின்றார்.

பிறகு? சாயக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் துணியை எண்ணெயிலும் ஆட்டுப் புழுக்கையிலும் ஊறப்போடுவது அவர்கள் முறை. மீன் நாற்றம் பொறுக்காமல் ஊரை விட்டு வந்தவர் மூக்குக்கு, மூன்று வேளையும் நல்ல விருந்து.

வீடு விற்றதா என்று கேட்காதீர்கள். கொட்டிய ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளில் தீர்ந்தது. களிமண்ணைத் தோண்டி எடுத்தார். ஊற்று திறக்கவில்லை. முன்பு உப்புத் தண்ணீராவது இருந்த வீட்டில் இப்போது தண்ணீரே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். "இவர் இவ்வளவு உண்மை பேசுகிறார் என்றால் வேறு ஏதோ பெரிதாக மறைக்கிறார்" என்று எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள்.

கடைசியில் ஒரு நாள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எங்கே போறீங்க, ஐயா?" என்று கேட்டாள் செங்கமலம்.

அந்த ஊருக்கு வந்த பிறகு ஒருத்தர் அவரை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சீராளர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் கிணற்றிலிருந்து இறைத்து, அவர் உள்ளங்கையில் வார்த்தாள். அவர் குடித்தார். அந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று, உப்பைக் கிள்ளி வைத்து மாதக்கணக்காகிவிட்ட அவர் நாக்குக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தது.

ஆகையால், கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே: விற்கிற பொருளின் குறையை மறைக்கிறவன், அந்தக் குறைக்காகவே வாங்க வந்தவனையும் சேர்த்து விரட்டுகிறான்.