நாய் படுத்த சுவர்

“கணக்கில் பிழையில்லை, அம்மா. சுவர்தான் பொய் சொல்கிறது.”

ஆளவந்தார் இதைச் சொல்வது மூன்றாம் முறை. ஓய்வுபெற்ற பொறியாளர், நீலகிரிச் சரிவிலிருந்த ஆசிரமத்துக்குப் பிரசவ அறை கட்டிக் கொடுத்தவர்.

இரட்டைச் செங்கல் சுவர். நடுவே மூன்று அங்குல இடைவெளி. அதில் அடைபட்ட காற்று அறையின் சூட்டை வெளியே விடாது என்பது அவர் கணக்கு. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தும் பிள்ளைகளின் பாதங்கள் சில்லிட்டன.

“உறைபனி தொடங்குமுன் சரியாகாவிட்டால் அறையை மூடிவிடச் சொல்கிறார் நர்ஸ்,” என்றார் நாச்சியாரம்மா. ஆளவந்தாரைவிடப் பத்து வயது இளையவர், அவருக்குக் குரு. “பிறகு நிறைமாதக்காரிகள் மலையிறங்கித்தான் பெற வேண்டும்.”

ஆளவந்தார் வரைபடத்தை நீட்டினார்.

அம்மா அதை வாங்கவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். விடிந்துகொண்டிருந்தது.

பிரசவ அறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு நாய் சுருண்டு கிடந்தது.

“இவன் ஏன் இங்கே படுக்கிறான்?”

“நாய்க்கு எந்த இடமானால் என்ன, அம்மா?”

“ஒரு வாரமாக இதே இடம்.”

ஆளவந்தார் குனிந்து சுவரைத் தொட்டார். “இது நாயின் உடம்புச் சூடு.”

“அவன் முதுகு எட்டாத உயரத்தில் தொடுங்கள்.”

தொட்டார். இலேசான வெதுவெதுப்பு. ஒரு முழம் தள்ளித் தொட்டார். கை விறைத்தது.

சுவரைக் கட்டிய கொத்தனார் பொன்னுரங்கத்தை வரவழைத்து, அந்த இடத்தைப் பெயர்க்கச் சொன்னார். உள்ளே, இடைவெளியின் குறுக்கே, இரண்டு சுவரையும் பிணைத்தபடி செங்கற்கள். அறையின் சூடு அவற்றின் வழியேதான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

“யார் வைக்கச் சொன்னது?”

“நானாத்தான் வச்சேன், சார். நாலடிக்கு ஒரு வரிசை.”

“மெல்லிய கம்பி போதும் என்று படத்தில் போட்டிருந்தேனே.”

“போட்டிருந்தீங்க. கம்பியப் பாத்தா நம்பிக்க வரல. நடுவுல வெறுமனே விட்ட சுவரு. உள்ள பச்சப்புள்ளைங்க படுக்குமே, சார். சாஞ்சிருச்சுன்னா?”

“இடைவெளி எதற்கென்று தெரியாதா?”

“நீங்க சொல்லலையே.”

ஆளவந்தார் அம்மாவைப் பார்த்தார். அம்மா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இந்தக் கல்ல எல்லாம் எடுத்துடணுமா, சார்?” பொன்னுரங்கத்தின் குரல் தணிந்திருந்தது. “எடுத்துட்டா நிக்குமா?”

கணக்குப்படி நிற்கும் என்று சொல்லத்தான் ஆளவந்தார் வாயெடுத்தார்.

பிறகு வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெயர்த்த கற்களின்மேல் உட்கார்ந்தார்.

“இப்படி உட்காருங்க, பொன்னுரங்கம்.”