அரசனின் பெயருக்குக் கீழே

பேராலயத்துக்குள் நுழைந்ததுமே சந்தியாகு உபதேசியாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பார்க்கும் இடமெல்லாம் ராஜாக்கள் படுத்திருந்தார்கள். பளிங்கு மெத்தை, பளிங்குத் தலையணை, காலடியில் பளிங்கு நாய். செத்தும் ஒரு குறை இல்லாத மனிதர்கள்.

“இங்க நாய்க்குக்கூட இடம் இருக்கு சாமி,” என்றார்.

ஊர்ப் பங்குக் குருவான ஜெரோம் சாமி முன்னால் நடந்துகொண்டே இருந்தார். சாமிக்கு வயது நாற்பத்திரண்டு, கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியாருக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் மனதில் எது முட்டினாலும் உபதேசியார் இவரிடம்தான் கொண்டுவருவார். சாமியும் லேசில் பதில் சொல்கிற ஆள் இல்லை. கேள்வி கேட்டவரையே இரண்டு நாள் சுற்றட்டும் என்று விட்டுவிடுவார்.

கடற்கரை ஊரிலிருந்து இந்த வெளிநாட்டுக்கு யாத்திரை வந்த கூட்டம் குளிருக்குப் பயந்து பேருந்திலேயே உட்கார்ந்துவிட்டது. இவர்கள் இருவர் மட்டும் இறங்கியிருந்தார்கள். சாமி இந்த நாட்டில் படித்தவர். யாத்திரைப் பட்டியலில் இல்லாத இந்த ஊரை ஏஜென்டிடம் கேட்டுச் சேர்த்தவரும் அவர்தான்.

உபதேசியாரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி பிலோமினா. அவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“கொத்தனாரு வந்து நிக்காரு. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாளுதான் இருக்கு. இன்னைக்குத் தேதி சொன்னாத்தான் கல்லுல வெட்ட முடியுமாம்.”

“எந்தத் தேதி?”

“பிள்ளையோட தேதிதான். பொறந்தது, போனது.”

“போனத நீ பாத்தியா?”



“ஒம்பது வருசமா எல்லாரும் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறாவ. நான் மட்டும் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். எனக்கு ஒரு இடம் வேணும். சீக்கிரம் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டாள்.

அவர்கள் மகன் ரூபன் கடலுக்குப் போன மறுநாள் புயல் அடித்தது. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அரசாங்கம் காகிதம் கொடுத்தது, ஊர் பூசை வைத்தது. தகப்பன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வருடா வருடம் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது உபதேசியாரின் வேலை. அந்த ஒரு பெயர் வரும்போது அவர் அதை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஊரும் கவனிக்காததுபோல் இருந்துகொள்ளும்.

அவர் சாமியிடம் வந்தார்.

“ஒரு கேள்வி சாமி.”

“கேளுங்க.”

“கல்லு வச்சா, நானே என் பிள்ளையக் கொன்ன மாதிரி ஆகாதா?”

“வாங்க,” என்று சாமி முன்னால் நடந்தார்.

வடக்கு மூலையில் ஒரு கல்லறை இருந்தது. மற்ற ராஜாக்களுக்கு ஓர் இலைகூட வைப்பார் இல்லை. இதன்மேல் மட்டும் பூக்கள் குவிந்துகிடந்தன. நடுவே ஒரு பழைய வலை மிதவையும் கிடந்தது. ஒரு வயதான அம்மாள் கீழே உட்கார்ந்து தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த ராஜா கப்பலேறிப் போனவர்,” என்றார் சாமி. “திரும்பல. ராணிதான் இதைக் கட்டினாங்க.”

“அப்ப உள்ள யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“வெறும் கல்லுக்கா இவ்வளவு பூ?”

“இந்த ஊரும் கடற்கரை ஊர்தான். கடலுக்குப் போய் வராதவங்க வீட்டு ஆளுங்க இங்க வருவாங்க.”

உபதேசியார் மிதவையைப் பார்த்தார். ரூபனின் வள்ளத்திலும் இதே போல ஒன்று, ஆரஞ்சு நிறத்தில். பிறகு குனிந்து கல்லில் வெட்டியிருந்ததைப் பார்த்தார். பெயரை வாசிக்கத் தெரியவில்லை, எண் தெரிந்தது. பெயருக்குக் கீழே ஒரே ஒரு வருடம். நிமிர்ந்துபோய்ப் பக்கத்து ராஜாவைப் பார்த்தார். இரண்டு வருடம். எதிர்ப்பக்க ராஜாவுக்கும் இரண்டு. திரும்பி வந்தார்.

“செத்த வருசத்தக் காணோமே.”

“ராணி எழுத விடல.”

“ராணிக்கு அப்புறம்?”

“மகன் ராஜாவானார். அவரும் எழுதல. பேரனும் எழுதல.”

“எத்தனை வருசம் இருக்கும்?”

“நானூறு.”

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நானூறு வருசம் எவன் சாமி உயிரோட இருப்பான்? இது தெரியாதா இவங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எழுதாம விட்டுருக்காங்க?”

சாமி அவருடைய வலது கையைப் பிடித்தார். ஏஜென்ட் எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிக் கொடுத்த கம்பளிக் கையுறை. அதை விரல் விரலாகக் கழற்றினார். வெறும் கையைக் கொண்டுபோய், வருடம் எழுதாமல் விட்டிருந்த இடத்தில் வைத்தார்.

கல் அங்கே குழிந்திருந்தது. பல பேர் கை வைத்து வைத்து, அம்மியின் நடுப்பகுதி போலத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உபதேசியாரின் உள்ளங்கை அதில் அப்படியே பொருந்திக்கொண்டது.

அவர் கையை எடுக்கவில்லை. ரூபனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இருந்தால் இப்போது முப்பத்து மூன்று வயது. அந்த வயதில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிய இருபத்து நாலு வயதுப் பையன்தான் வந்தான். ஒன்பது வருடமாக வராத அழுகை அந்த ஊர் பேர் தெரியாத ராஜாவின் முன்னால் வந்துவிட்டது.

மெழுகு சுரண்டிய அம்மாள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் இடது கையால் போனை எடுத்தார்.

“பிலோமி, கொத்தனாரு போயிட்டாரா?”

“நிக்காரு.”

“ரூபன் பேர வெட்டச் சொல்லு.”

பிலோமினா மூச்சை இழுத்துப் பிடித்தது இங்கே கேட்டது.

“சரி. அப்புறம்?”

“பொறந்த தேதி.”

“அப்புறம்?”

“அதுக்குக் கீழ ஒண்ணும் வெட்ட வேண்டாம். ஒரு கை அளவு சும்மா விடச் சொல்லு.”

வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த சாமி நின்று திரும்பினார்.

“ரெண்டு பேர் கை அளவு,” என்றார்.