சாம்பார் அண்டாவில் மாட்டிய டிரான்சிஸ்டர்

கொட்டாப்புளிப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிறது. பிரிக்காத பொட்டலமாக அப்படியே இருக்கிறது.

அந்த ஊர் நாச்சிமுத்து, தன் மகளின் காதுகுத்துக்கு வந்த வாடகை மைக்செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தான். எல்லாம் மச்சான் சென்னியப்பன் மேல் இருந்த ரோஷம். "நீயா செட்டு செய்யப் போறே மாப்ளே? அது பாடறதுக்குள்ள என் மருமவளுக்குக் கல்யாணமே ஆயிரும்" என்று போன பொங்கலுக்கு அவர் எல்லார் முன்னாலும் சிரித்திருந்தார். செட்டு பாடாவிட்டால் அந்தச் சிரிப்பை ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

செட்டுக்கான பவர் டிரான்சிஸ்டரை ஈரோட்டில் வாங்கினான். சோடா மூடியைவிடச் சற்றுப் பெரிய உலோகத் தொப்பி, இரண்டு பக்கமும் திருகு மாட்ட ஓட்டை. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "இது சூடாகும் தம்பி. நல்ல பெரிய அலுமினியத்துல இறுக்கி மாட்டிரு, சூட்டை அது இழுத்துக்கும். அப்பப்பத் தொட்டுப் பாரு. கை சுட்டா உடனே ஆஃப் பண்ணிரு." யாரிடம் பேசுகிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை.

காதுகுத்தன்று காலையில் நாச்சிமுத்துவும் அவன் கூட்டாளிகள் வேலப்பனும் பொங்கியண்ணனும் கூடி ஆலோசித்தார்கள்.

"நம்மூர்ல பெரிய அலுமினியம் எது?"

"விருந்துக்கு வெச்ச சாம்பார் அண்டாதான்."

"அது அடுப்புல கொதிக்குதே?"

"கொதிக்கட்டுமே. கடைக்காரரு அலுமினியம்னுதான் சொன்னாரு. அடுப்பைப் பத்தி மூச்சே விடலியே."

அண்டாவின் வயிற்றில் இரண்டு ஓட்டை போட்டு டிரான்சிஸ்டரைத் திருகினார்கள். திருகைச் சுற்றிச் சாம்பார் கசிந்தது. "ஈரமா இருக்கறதும் குளுமைக்கு நல்லதுதான்" என்றான் பொங்கியண்ணன். கொதிக்கிற சாம்பாரைப் பார்த்துத்தான் சொன்னான்.

நாச்சிமுத்து தொட்டுப் பார்த்தான். சுட்டது. வேலப்பன் தொட்டான். அவனுக்கும் சுட்டது.

"சுட்டா ஆஃப் பண்ணச் சொன்னாரே?"

"இன்னும் ஆனே பண்ணலியேடா. எப்படி ஆஃப் பண்றது?"

வெகுநேரம் யோசித்த பிறகு கோளாறு கையில்தான் என்று முடிவாயிற்று. சுடாத கை ஒன்று வேண்டும். டீ மாஸ்டர் முத்தானைக் கூட்டி வந்தார்கள். இருபது வருஷம் பாய்லரோடு பழகிய கை. உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு, "ஒண்ணுஞ் சுடலீங்க" என்றார்.

சுவிட்சைப் போட்டார்கள். செட்டு பாடியது. முழுசாக ஒன்றரை வரி பாடியது. பிறகு கொர்ரென்று இழுத்து, கருகல் வாடை வீசி, அடங்கிவிட்டது. முத்தான் கையை எடுக்கவே இல்லை. "இப்பவும் சுடலீங்க" என்றார்.

"சுடலீன்னா செட்டு நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்றான் வேலப்பன்.

"அப்பறம் ஏன் பாட்டுக் கேக்கலை?"

"செட்டு பாடுது. கேக்கற காதுதான் சரியில்லை."

அந்த நேரம் பார்த்து, பந்தலில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சென்னியப்பன், "என்ன மாப்ளே, சத்தத்தையே காணோம்?" என்று சிரித்தார். நாச்சிமுத்து ஓடிப்போய் அவர் காதை உற்றுப் பார்த்தான். சின்ன வயதில் குத்திய ஓட்டை தூர்ந்துபோயிருந்தது.

"அடேய், மச்சானுக்குக் காதே அடைச்சுக் கெடக்குது! எப்படிக் கேக்கும்?"

மூன்று பேரும் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். காது குத்த வந்திருந்த ஆசாரி என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். அவருக்கும் அதே ஊர். குழந்தையை இறக்கி விட்டுவிட்டு, மாமன் காதில் ஊசியை ஏற்றினார்.

சென்னியப்பன் போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டது.

நாச்சிமுத்துவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "கேட்டீங்களாடா? காதைத் தொறந்ததும் என்னமாப் பாடுது பாரு நாஞ் செஞ்ச செட்டு!"

வேலப்பன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "ஒரு பக்கத்து ஸ்பீக்கர்தான் பாடுது. இன்னொரு காதையும் குத்தச் சொல்லு."