பன்னிரண்டாம் எண்

“இனிமே வரலாறு நடத்த எனக்கு வாய் வராதும்மா.”

குழந்தைவேலு வாத்தியார் மடத்துக்குள் வந்து தூணோரம் உட்கார்ந்தார். மடத்தைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் மனசு தாங்காத நாளில் அவர் வந்து நிற்பது அவள் முன்னால்தான். ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

“யாருக்கு நடத்துறீங்க?”

“நாலாங் கிளாஸுக்கு. அவங்கவங்க வீட்டுல தாத்தா, தாத்தாவோட அப்பா பேரெல்லாம் கேட்டு எழுதிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். வரலாறு அங்கேருந்துதானே ஆரம்பிக்குது.”

“நல்லதுதானே.”

“செங்கல் சூளையிலேருந்து ஒரு பிள்ளை வருது. வெறும் நோட்டைக் கொண்டாந்து நீட்டிச்சு. ‘ராஜாவோட தாத்தாவுக்குத் தாத்தா பேரு புத்தகத்துல இருக்கு. எங்க தாத்தாவோட அப்பா பேரு யாருக்குமே தெரியல. ஏன் சார்?’னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எழுதி வச்ச பேரு நிக்குது, எழுதாத பேரு போயிடுதுன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“‘எழுதாம விட்டது யாரு சார்?’ன்னுச்சு. கிளாஸே என் வாயைப் பார்க்குது. பதில் தெரியாத கோபத்துல, வாயை மூடிட்டு உட்காருன்னு அதட்டிட்டேன். மறுநாள்லேருந்து அது வரல.”

 வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கையில எழுத்தாணி இருந்தும் எழுதாம விட்டானே, அந்தப் பாவியைத்தான் ஒரு மாசமா திட்டிக்கிட்டிருக்கேன். ஒரு வரி எழுதியிருந்தா அவன் கை தேஞ்சா போயிருக்கும்?”

வடிவம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

“மடியில என்ன?”

“வருகைப் பதிவேடு. நாளைக்கு அதிகாரி வர்றாரு. விழுக்காடு போடணும்.”

“படிங்க. கேட்போம்.”

வருகைப் பதிவேட்டைப் படிக்கக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆள் உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும். வாத்தியாருக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் பிரித்துப் படித்தார்.

“ஒண்ணு, அருள்மொழி. ரெண்டு, இலக்கியா...”

அவள் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“...பதினொண்ணு, ஜெபஸ்டின். பதிமூணு...”

“பன்னிரண்டு?”

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை.

“அது அந்தச் சூளைப் பிள்ளைம்மா. முப்பது நாள் வரலைன்னா பேரை அடிச்சிடணும். அடிக்கலைன்னா விழுக்காடு இறங்கிடும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதுதான் வழக்கம்.”

“எப்ப அடிச்சீங்க?”

“இன்னைக்குக் காலையில.”

“தேடிப் போனீங்களா?”

“போகணும் போகணும்னே நாள் ஓடிப்போச்சு. நேத்துதான் போனேன். சூளையை மூடிட்டாங்க. குடும்பத்தோட லாரி ஏறிட்டாங்களாம். எந்த ஊருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல.”

வடிவம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பிள்ளை பேரு என்ன?”

வாத்தியார் வாயைத் திறந்தார்.

தினமும் எண்ணைச் சொல்லித்தான் வருகை எடுப்பார். பன்னிரண்டு என்றால், “உள்ளேன் ஐயா” என்று ஒரு குரல் வரும். மற்ற நேரமெல்லாம் அவள் சூளைப் பிள்ளை. வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான். அவருக்கும் அப்படித்தான்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினார். பெயரின் மேல் ஸ்கேல் வைத்து இரண்டு தடவை இழுத்த சிவப்புக் கோடு. அதிகாரிக்காகப் பட்டையாக, நேராக இழுத்தது.

ஏட்டைச் சாய்த்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

“படிக்க முடியலம்மா” என்றார்.