திருந்தியதற்கு அத்தாட்சி

கோயில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பைத் திருடிப் பிடிபட்டான் சடையாண்டி. வீட்டில் கண் தெரியாத மனைவி தனியாக இருந்தாள். மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டு, ஜெயிலுக்குப் பதிலாக முப்பது நாள் அரசு ஆஸ்பத்திரியைக் கூட்டச் சொன்னார். திருந்திவிட்டான் என்று ஆஸ்பத்திரி சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது.

முப்பது நாளும் கழிந்தன. கோர்ட்டுக்கு வந்த சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார்.

"திருடன் திருந்திட்டான்னு எதை வச்சுச் சொல்றதுங்க? இந்த ஊர்ல எவனாவது இவனை நம்பி வீட்டுக்குள்ள விடுவானா? அப்படி ஒருத்தரைக் காட்டட்டும், கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இன்னும் ஆறு மாசம் என் பார்வையிலயே வேலை செய்யட்டும்."

கோர்ட்டே சிரித்தது. சடையாண்டி மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அந்த ஒருத்தர் இங்கயேதான் நிக்கிறாருங்க. இது சூப்பிரண்டு ஐயா வீட்டுச் சாவி. முப்பது நாளும் அங்கதான் பாத்திரம் தேய்ச்சேன். இன்னைக்குக் காலையிலயும் ஐயா வீட்டு அம்மா வேலைக்குப் போறப்ப என்கிட்டதான் குடுத்தாங்க. ஒரு கரண்டி குறைஞ்சிருந்தாக் கேளுங்க."

சிரிப்பு நின்றது. சூப்பிரண்டு தலையைத் தொங்கப் போட்டார். அவர்மேல் விசாரணைக்கு உத்தரவாயிற்று. சடையாண்டி கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"நில்லுப்பா," என்றார் மாஜிஸ்திரேட். "அப்ப ஆஸ்பத்திரியில நீ ஒரு நாள்கூடக் கூட்டலையா?"

"இல்லீங்க."

அவர் பழைய உத்தரவை எடுத்து மறுபடி படித்தார். "உத்தரவு ஆஸ்பத்திரிக்குத்தானேப்பா," என்றார்.

மறுநாள் விடிந்ததும், மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் கஞ்சியை வைத்துவிட்டு, சடையாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அது முதல் நாள்.