முழத்துக்கு மேல் ஒரு சம்பந்தி

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணப்பாறைக்காரர்கள் எள் என்றால் எள்ளாகவே நிற்பார்கள். எண்ணெய் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றபடி தங்கமான மனிதர்கள். நான் பக்கத்து ஊர்க்காரன், அதனால் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

அந்த ஊர் மலைமேல் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றெடுத்து வரும் ஓடை ஊர் ஓரமாக ஓடுகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோனால் ஊரார் வெற்றிலையை ஓடையில் நனைத்து மென்றுவிட்டு, வாய் சிவக்கவில்லையே என்று ஓடையோடு சண்டை போடுவார்கள். அந்த ஓடையில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டுப் போனான். உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன். அதைப் பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் ஊரில் யாரும் பிடிக்கவில்லை.

ஊர்ப் பெரியதனக்காரர் ஒண்டிமுத்துவின் மகள் பூவாயிக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளை மணிவாசகம். சந்தையில் கேரட் மூட்டைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று பூவாயியும் அவனும் ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது. பாக்கி இருந்தது மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம்தான். மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஓடையைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு மீனை வச்சுக்கிட்டு ஒருத்தருக்கும் பிடிக்கத் தெரியாதா? பொறுமை இல்லாத வீட்டுல நான் சம்பந்தம் பண்றதில்ல. பொழுது சாயறதுக்குள்ள என் தூண்டில்ல ஒண்ணே ஒண்ணு மாட்டட்டும். மாட்டினா கல்யாணம். இல்லைன்னா சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன்."

பூவாயியின் முகம் சுண்டிப்போனது. அவளுக்குத் தன் அப்பாவைத் தெரியும்.

ராஜமாணிக்கம் தன் பையிலிருந்து நீளமான, வளையும் கோல் ஒன்றை எடுத்துப் பூட்டினார். கயிற்றின் நுனியில் ஒரு சின்ன முள். சேவல் இறகையும் பட்டு நூலையும் அந்த முள்ளில் சுற்றி, ஈ மாதிரியே செய்திருந்தார். தண்ணீர்மேல் மிதக்கும் அந்தப் பொய் ஈயை நிஜமென்று நம்பி மீன் வாய் வைக்கும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பின்னால ஒரு வீச்சு, முன்னால ஒரு வீச்சு. உங்க நிழல் தண்ணியில விழக்கூடாது. மீன் கண்ணுல நீங்க படக்கூடாது. மீன் என்ன தின்னுதுன்னு பார்த்து அதே மாதிரிதான் போடணும். மாட்டினா வெடுக்குனு இழுக்காதீங்க. ஓட விட்டு, நின்னா இழுத்து, களைக்க வைக்கணும். தொடறதுக்கு முன்னால கையை நனைச்சுக்குங்க. உடம்பு காயக்கூடாது. மூக்குலருந்து வால் வரைக்கும் அளக்கணும். ஒரு முழத்துக்குக் குறைஞ்சா விட்டுடணும். மேல இருந்தா வச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டுத் தூங்கப் போனார். ஒண்டிமுத்துவும் அவர் தம்பி குருந்தனும் மைத்துனன் சடையாண்டியும் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனார்கள்.

முதலில் நிழல் பிரச்சினை. உச்சி வெயில். குருந்தன் ஓடி வீட்டிலிருந்து பெரிய குடையைக் கொண்டுவந்து விரித்தான். மூன்று பேரும் அதற்குள் ஒடுங்கினார்கள். குடை நிழல் ஓடையில் பாதியை மூடியது. மீன்கள் சிதறி ஓடின.

"நிழல் விழுதே மாமா," என்றான் சடையாண்டி.

ஒண்டிமுத்து குனிந்து பார்த்தார். "இது குடையோட நிழல். நம்ம நிழல்தான் விழக்கூடாதுன்னாரு. குடையைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

அடுத்தது தீனி. ஒரு பெரிய மீன் கல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தின்னுது?"

"ஒண்ணும் தின்னல அண்ணே."

"அப்ப அதே மாதிரிதான் போடணும்."

ஈயை முள்ளோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறுங்கயிற்றை வீசினார்கள். பொறுமையைப் பற்றிச் சம்பந்தி சொன்னது நினைவிருந்ததால் வெகுநேரம் பொறுமையாக நின்றார்கள். வெயில் இறங்கியது. கடைசியில் சடையாண்டிதான் யோசித்துச் சொன்னான்.

"மாமா, நாம போட்ட ஒண்ணுமில்லாததை அது அப்பலருந்து தின்னுக்கிட்டுதான் இருக்கு. முள்ளு இல்லாததால மாட்ட மாட்டேங்குது."

இது நியாயமாகப் பட்டது. ஈயைத் திரும்பக் கட்டினார்கள். கட்டும்போது மீன் அவர்களைப் பார்த்தது. அவர்களும் மீனைப் பார்த்தார்கள். அப்போதுதான் இன்னொரு சொல் நினைவுக்கு வந்து மூன்று பேருக்கும் பகீர் என்றது. மீன் கண்ணில் படக்கூடாது.

"புதருக்குப் பின்னால போனா தெரியாதுல்ல?"

"நமக்கு மீன் தெரியாது. மீனுக்கு நாம தெரிவோமா மாட்டோமான்னு மீன் இருக்கிற எடத்துலருந்துதான் பார்க்கணும்."

குருந்தன் கரையில் குப்புறப் படுத்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டான். மூச்சு முட்டும்போது வெளியே எடுத்து, "தெரியறீங்க அண்ணே, இன்னும் போங்க," என்பான். மறுபடி தலையை உள்ளே விடுவான். ஒண்டிமுத்துவும் சடையாண்டியும் கோலோடு பின்வாங்கிக்கொண்டே போனார்கள். புதர் போயிற்று, பீன்ஸ் தோட்டம் போயிற்று, மேடு ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். அங்கே பஸ் போகும் சாலை. "இப்பத் தெரியல," என்று தூரத்தில் குருந்தனின் குரல் கேட்டது. சாலையில் நின்றுகொண்டு, சொன்னபடியே பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு என்று ஒண்டிமுத்து வீச ஆரம்பித்தார்.

பொழுது சாயப் போகிற நேரம். ராஜமாணிக்கம் எழுந்து ஓடைக்கு வந்து பார்த்தார். கரையில் ஓர் ஆள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கிடந்தான். தூண்டிலையும் காணோம், மீனையும் காணோம். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். மணிவாசகம் கெஞ்சிக்கொண்டே பின்னால் போனான். பூவாயி அழுதுகொண்டே அவனுக்குப் பின்னால் போனாள். பாவம், கல்யாணம் அந்தச் சாலை முனையோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

பஸ் வந்து நின்றது. ராஜமாணிக்கம் ஒரு காலைப் படியில் வைத்தார். ஒண்டிமுத்து பின்னால் ஒரு வீச்சு வீசினார். முள் போய் ராஜமாணிக்கத்தின் கோட்டுக் காலரில் மாட்டியது.

"மாமா, மாட்டிடுச்சு," என்றான் சடையாண்டி.

"திரும்பிப் பார்க்காத. மீன் கண்ணுல படக்கூடாது. ஓட விடு."

ராஜமாணிக்கம் பஸ்ஸில் ஏறப் பார்த்தார். கயிறு இழுத்தது. கோபத்தில் மேட்டுப் பக்கம் ஓடினார். கயிற்றை விட்டார்கள். நின்றார். இழுத்தார்கள். பீன்ஸ் தோட்டத்தைச் சுற்றினார். தோட்டத்தையும் சேர்த்து இழுத்தார்கள். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. சொன்னபடியே அவர் நன்றாகக் களைத்து, தானாகவே ஒண்டிமுத்துவின் காலடியில் வந்து உட்கார்ந்தார்.

"விடுங்கய்யா," என்று மூச்சு வாங்கினார்.

"கையை நனைக்காம தொடக்கூடாதுங்க சம்பந்தி," என்று சடையாண்டி ஓடைக்கு ஓடினான்.

பூவாயி முன்னால் வந்தாள். அந்த ஊரில் சொன்னதற்கு மேலே யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

"உங்க தூண்டில்ல ஒண்ணே ஒண்ணு மாட்டினா கல்யாணம்னு சொன்னீங்களே மாமா. மாட்டிடுச்சே."

ராஜமாணிக்கம் மகனைப் பார்த்தார். மகன் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். போன பஸ்ஸின் புகையைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சம்மதம் தாயி. முள்ளைக் கழட்டச் சொல்லு."

முள்ளைக் கழற்றினார்கள். ஆனால் அளக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு சிக்கல் வந்தது.

"மூக்கு இருக்கு. வாலைக் காணோமே அண்ணே," என்றான் தலை சொட்டச் சொட்ட வந்து நின்ற குருந்தன்.

"வால் இல்லாததை எப்படி அளக்கணும்னு சம்பந்தியே சொல்லட்டும்."

சம்பந்தி சிரித்துச் சிரித்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேட்டி நுனி வரைக்கும் அளப்பது என்று முடிவாயிற்று. எப்படி அளந்தாலும் முழத்துக்கு மேல்தான் வந்தது. அப்படியென்றால் வச்சுக்கலாம்.

கல்யாணம் அடுத்த முகூர்த்தத்திலேயே சுண்ணப்பாறையில் நடந்தது. நானும் போயிருந்தேன், சாப்பாடு பிரமாதம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் முகம் கொள்ளாத சிரிப்போடு இருந்தார்கள். பக்கத்தில் ராஜமாணிக்கம் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு காயக்கூடாது என்பதால் குருந்தன் குடத்தோடு பின்னால் நின்று, அவ்வப்போது அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பந்தி முடிந்ததும் அவர் எழுந்து கைகூப்பினார். "அப்ப நான் ஊருக்குக் கிளம்பட்டுமா சம்பந்தி? வந்து நாளாச்சு."

ஒண்டிமுத்து சொம்பில் கையை நனைத்துக்கொண்டு, அவரை மூக்கிலிருந்து வேட்டி நுனி வரைக்கும் இன்னொரு தரம் மரியாதையாக முழம் போட்டுப் பார்த்தார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இன்னும் குறையலீங்களே. ஒரு முழத்துக்குக் கீழ வந்ததும் நாங்களே பஸ் ஏத்தி விடறோம்."