கழுத்துக் காஜா

"துணி நிக்க மாட்டேங்கு, வியாகுலம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கஸ்பார் மாஸ்டர் சொன்னார்.

வியாகுலம் தலையைத் தூக்கவில்லை. சன்னலுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதற்குத் தையல்காரர்கள் வைத்த பேர்தான் காஜா. துணியைக் கீறி, கீறலின் விளிம்பு பிரியாமல் சுற்றிலும் ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். மிஷின் அரை நிமிஷத்தில் போட்டுத் தள்ளிவிடும். கையால் போட்டால் ஒன்றுக்குக் கால் மணி நேரம்.

"எந்தத் துணி அண்ணாச்சி?"

"எல்லாத் துணியும்தான்."

கக்கத்திலிருந்து ஒரு கந்தலை எடுத்து அவள் முன்னால் போட்டார். அதில் பன்னிரண்டு காஜா. ஒன்றாவது நேராக இருக்கவேண்டுமே! எல்லாம் கோணிக்கொண்டு வாயைப் பிளந்து கிடந்தன.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. வியாகுலத்துக்கு முப்பத்து நாலு. வீட்டில் இருந்தபடி நாலைந்து கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். வேறொரு சமயமாக இருந்தால் அவர் அவள் வாசலை மிதித்திருப்பாரா? நல்ல கதைதான் போங்கள்.

அவர் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'கஸ்பார் டைலர்ஸ். கைக் காஜா சட்டைகள்.' சட்டை வாங்க வருகிறவர்கள் கட்டைவிரலால் காஜாவைத் தடவிப் பார்த்து, "யாரு காஜா மாஸ்டர் இது?" என்று கேட்பார்கள்.

"என் கை" என்பார் கஸ்பார். முப்பத்தோரு வருஷமாக இந்த ஒரே பதில்தான்.

சுத்தப் பொய். துணி வெட்டுகிற மாஸ்டர் காஜா ஊசியைத் தொடமாட்டார், அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அத்தனையும் எடுத்தது பின்கட்டில் இருந்த அவர் பெண்டாட்டி சலேத். அவளிடமே, "ஓட்டை போடுற வேலைதானட்டி, என்னமோ மலையைப் புரட்டுன மாதிரி அலுத்துக்கிடுதே" என்பார். அவள் அடுத்த சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

சலேத் செத்து முப்பத்தாறு நாள் ஆகிறது. காலையில் ஊசியில் நூல் கோத்தவள், மத்தியானம் இல்லை. நெஞ்சுவலி.

"அவ எனக்குன்னு ஒரு வெள்ளைச் சட்டை தச்சுக்கிட்டு இருந்தா" என்றார் மாஸ்டர். "ஏழு காஜால ஆறு முடிஞ்சிருக்கு. கழுத்துக் காஜா மட்டும் பாக்கி. கோடு போட்டு வச்சிருக்கா, அவ்வளவுதான். நாப்பதாம் நாள் பூசைக்கு அந்தச் சட்டையத்தான் நான் போட்டுக்கிட்டுப் போணும்."

"கழுத்துப் பொத்தானப் போடாம போங்க."

"திறந்த கழுத்தோட போய் அவளுக்குப் பூசை காணச் சொல்லுதியா?"

மாஸ்டரின் குரல் உடைந்தது. வியாகுலம் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போட்டுக் குடும்மா" என்றார்.

"மாட்டேன்."

"ஏன்?"

"சலேத் மைனி வச்ச கோட்டுல என் ஊசி எறங்காது. நீங்க போடுங்க."

"அதான் துணி நிக்க மாட்டேங்குன்னு சொல்லுதேனே! இழுத்தா சுருங்குது, விட்டா தொய்யுது."

அவள் கந்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மறுமுனைய யாரு பிடிச்சா?"

"யாரு பிடிக்கணும்? எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணுல ஊசி, ஒண்ணுல துணி."

"மைனிக்கும் ரெண்டு கைதான அண்ணாச்சி?"

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் மடியிலிருந்து துணி சன்னலை நோக்கி விறைப்பாகப் போயிருந்தது. அங்கே அதன் நுனியை ஒரு கட்டை கவ்விக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளப் புளியங்கட்டை. ஒரு முனையில் வாய் மாதிரி ஒரு வெட்டு. அந்த வாயில் துணியைக் கொடுத்து, மேலே ஒரு ஆப்பைச் செருகினால் கவ்விக்கொள்ளும். மறுமுனையில் கயிறு. கயிறு சன்னல் கம்பியில். அவ்வளவுதான் சாமான்.

"இது இல்லாம ஒருத்தியும் நல்ல காஜா எடுக்க முடியாது" என்றாள் வியாகுலம். "உங்க வீட்டுலயும் தொங்குமே."

மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது.

தொங்கியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட விறகு போதவில்லை. பின்கட்டுச் சன்னலில் ஏதோ கட்டை தொங்குகிறதே என்று கத்தரியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். கட்டையை அடுப்பில் வைத்தார். அதன் வாயில் ஒரு வெள்ளை நூல் சிக்கியிருந்தது. அதுதான் முதலில் பற்றியது.

"எரிச்சிட்டேன்" என்றார்.

வியாகுலம் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கயிறு இருக்கா?"

"இருக்கும். பாதி."

"போய்ப் பாருங்க."

"பாத்து?"

அவள் மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பல் விளக்கினாரோ இல்லையோ, அது அவருக்கே தெரியாது.

"கயிறு தொங்கல, வியாகுலம்."

"பெறவு?"

"சாஞ்சு நிக்குது."

"காத்தா இருக்கும்."

"சன்னலச் சாத்திட்டேன். அப்பயும் நிக்குது. கையால தொட்டு நேரா விட்டேன். மெதுவா, மெதுவாத் திரும்பி அதே எடத்துக்குப் போவுது. மாதாவே, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

"எந்தப் பக்கம் சாயுது?"

"பாய்ப் பக்கம். அவ உக்காருற பக்கம்."

"நீங்க எங்க உக்காந்து காஜா பழகுனிய?"

"என் மிஷின்கிட்ட. முன்கட்டுல."

வியாகுலம் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, மாஸ்டருக்குப் பிடிபடவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "ஃபாதரக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொல்லட்டா?"

"கயிறு உங்கள என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன என்ன? நாளைக்கு மத்தியானம் மைனி உக்காந்த எடத்துல உக்காருங்க. கீறல் போட்டு, நூல் கோத்து வச்சிக்கிடுங்க. நான் என் கட்டைய எடுத்துட்டு வந்து கட்டித் தாரேன். நீங்க குனிஞ்ச தல நிமிராம துணிய மட்டும் நீட்டுனாப் போதும்."

"நிமிரக் கூடாதா?"

"நிமுந்தா கோடு தப்பும். மைனி எப்பமாவது நிமுந்து பாத்தியளா?"

யோசித்துப் பார்த்தார். இல்லை. ஆனால் அவள் நிமிராததாலா, அவர் பார்க்காததாலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் அப்படி. பின்கட்டுக்குள் நுழைந்த மாஸ்டர் சன்னல் பக்கம் கண்ணைத் திருப்பாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

பாயில் இரண்டு இடம் சாயம் தேய்ந்து வெறும் கோரை தெரிந்தது. அவள் முட்டி பட்ட இடம். அவர் தன் முட்டியை அங்கே வைத்துப் பார்த்தார். அவ்வளவு ஒடுக்கி உட்கார அவரால் முடியவில்லை.

கோட்டின் மேல் பிளேடை வைத்துக் கீறினார். நூலை மெழுகில் இழுத்தார். ஊசிக்கண் லேசில் அகப்பட்டால்தானே! ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை குத்தினார்.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. வெறுங்காலில் யாரோ நடந்து வந்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு சன்னலுக்குப் போனார்கள்.

"வந்துட்டியா?"

பதில் இல்லை. வியாகுலம் என்றைக்கு வாயைத் திறந்து வளவளவென்று பேசினாள்? மாஸ்டர் குனிந்தபடியே சட்டைக் கழுத்தின் நுனியை முன்னால் நீட்டினார்.

நுனியைக் கவ்விப் பிடித்தது.

"அப்பாடா" என்றார் வாய்விட்டு. துணி நின்றுவிட்டது.

முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஊசியை இழுக்கும்போது துணி இம்மி கொடுத்தது. இழுத்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது. கொடுத்தது, வாங்கியது. ஏழாவது முடிச்சில் மாஸ்டருக்கு ஒரு யோசனை தட்டியது.

மரக்கட்டை கொடுத்து வாங்குமா?

நிமிரலாமா என்று நினைத்தார். முடியவில்லை. பயத்தில் ஊசி விலகி, ஒரு முடிச்சு கோட்டுக்கு வெளியே விழுந்தது.

துணி தொய்ந்தது.

காத்திருந்தார். தொய்ந்தே கிடந்தது. விலகிய முடிச்சைப் பிரித்தார். பிரித்து முடித்ததும் துணி மறுபடி விறைத்தது.

"சரி" என்றார் மெதுவாக. யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள்.

பிறகு பிரித்ததும் போட்டதுமாகப் போயிற்று. முதுகு வலித்தது. கண் எரிந்தது. விரல் நுனியில் இரண்டு இடம் ஊசி குத்தி ரத்தம் பொடித்துவிட்டது. ஒரு காஜாவுக்கே இப்படி. ஒரு சட்டைக்கு ஏழு. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை அவள் மடியில் வீசிவிட்டுப் போயிருப்பார்? மாஸ்டர் அழுதார். மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதார். சட்டையில் விழாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தார்.

"முடிஞ்சுது. கட்டைய அவுத்துரு."

துணி விறைப்பாகவே நின்றது.

இழுத்துப் பார்த்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. கொஞ்சம்தான். எவ்வளவு இழுத்தாரோ அவ்வளவு.

"விட்டுரு" என்றார். "நான் கட்டைய எரிச்சது தப்புதான். மன்னிச்சிரு."

விடவில்லை.

"ஓட்டை போடுற வேலைன்னு சொன்னதும் தப்புதான். ஏ சலேத்து, விட்டுரும்மா."

விடவில்லை. இனி என்ன சொல்ல? அவரிடம் இருந்த மன்னிப்பெல்லாம் அவ்வளவுதான்.

அப்போது பின்னால் கதவு திறந்தது. வெளிச்சம் பாயில் விழுந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றது வியாகுலத்தின் குரல். "சின்னவளுக்குக் காய்ச்சல், ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். நேரமாயிட்டு. இந்தா, கட்டைய இப்பந்தான் எடுத்துட்டு வாரேன்."

மாஸ்டர் நிமிரவில்லை. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். சட்டையின் கழுத்து அவர் முன்னால் அந்தரத்தில் விறைத்து நின்றது.

வியாகுலம் வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். துணி போகிற திசையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். அலறவும் இல்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. கடிதாசில் சுற்றிய கட்டையைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குனிந்து, கட்டைவிரலால் அந்தக் கழுத்துக் காஜாவைத் தடவினாள்.

"நல்லா விழுந்திருக்கு" என்றாள். "யாரு காஜா மாஸ்டர் இது?"

அவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

கஸ்பார் வாயைத் திறந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பதிலை அவர் உண்மையாகவே சொல்லலாம். விரலில் ரத்தம்கூட இன்னும் காயவில்லை.

"சலேத்" என்றார்.

வியாகுலம் காதைச் சாய்த்தாள். "என்ன சொன்னிய? கேக்கல."

"சலேத் காஜா!" என்று கத்தினார். தெருவுக்கே கேட்டது. "இதும் அவ காஜா. கடையில வித்த அத்தனையும் அவ காஜா. என் கை இல்ல. ஒண்ணுகூட என் கை இல்ல!"

சட்டை தொய்ந்து அவர் மடியில் விழுந்தது.